முகம் கூடுகிற வாரம்

சோஎ நகரத்துச் சுகாதார நிலையத்தின் பின்கூடத்தில் அன்றைக்கு நாற்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் தீமோர் மலையூர்களிலிருந்து பயிற்சிக்கு வந்த தாய்சேய் நலத் தொண்டர்கள். மாதத்துக்கு ஒருநாள் தங்கள் ஊர்க் குழந்தைகளைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பதும், கர்ப்பிணிகளுக்கு மாத்திரை கொடுப்பதும் அவர்கள் வேலை. மூன்றாவது வரிசையில் ஓர்பா போய்மாவு இருந்தாள். வயது இருபத்தொன்பது. மூக்கின் இடது துவாரத்திலிருந்து மேலுதடு வரைக்கும் அவளுக்கு ஒரு தழும்பு உண்டு. பிளந்த உதட்டோடு பிறந்தவள். பதினேழாவது வயதில்தான் கூப்பாங் நகரத்து ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். அதுவரைக்கும் தோளில் போட்ட நெசவுத்துணியின் முனையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசுவாள். தைத்த பிறகும் வெகுகாலம் கை தானாக வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

கூப்பாங்கிலிருந்து வந்திருந்த டாக்டரம்மா படம் எதுவும் காட்டவில்லை. பிசைந்த கோதுமை மாவை ஒரு தட்டில் வைத்து, அதை ஐந்து உருண்டைகளாகப் பிய்த்தார்.

"இது நெத்தி. மேலருந்து இறங்கி வருது. இது ரெண்டும் கன்னம், காதுப் பக்கத்துலருந்து நடுவுக்கு வருது. கீழ இது ரெண்டும் தாடை. வயித்துக்குள்ள முகம் இப்படித்தான் துண்டு துண்டா நகர்ந்து வந்து ஒண்ணு கூடுது. எல்லாம் மூக்குக்குக் கீழ வந்து ஒட்டணும். ஒட்டிருச்சுன்னா உதடு. ஒரு பக்கம் வந்துசேரப் பிந்திருச்சுன்னா அந்த இடைவெளி அப்படியே நின்னுரும்."

சொல்லிக்கொண்டே இடது கன்னத்து உருண்டையை மட்டும் ஒரு விரற்கடை தள்ளி நிறுத்தினார். ஓர்பா தன் முகத்தையே தட்டில் பார்த்தாள். கை தூக்காமலே எழுந்து நின்றுவிட்டாள்.

"இது எந்த மாசம் நடக்குது?"

"மாசக் கணக்கு இல்லம்மா, வாரக் கணக்கு. கரு தங்கி ஆறு ஏழு வாரத்துக்குள்ள உதடு முடிஞ்சிரும். உள்ள அண்ணம் மூட இன்னும் சில வாரம் ஆகும்."

"அப்ப அந்தப் பொண்ணுக்கு வயிறு தெரியுமா?"

பெண்கள் சிரித்தார்கள். டாக்டரம்மாவும் சிரித்தார். "வயிறா? தீட்டு தள்ளிப்போனதே அப்பதான் உறைக்கும். பாதிப் பேருக்கு அதுவும் உறைக்காது."

"அஞ்சாவது மாசத்துல அப்பாக்காரர் ஏதாவது செஞ்சிருந்தா?"

"என்ன செஞ்சிருந்தா?"

"கன்னுக்குட்டிக்கு மூக்கு குத்தியிருந்தா."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எல்லா ஊரிலும் இப்படி ஒரு பேச்சு இருந்தது. டாக்டரம்மா கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அஞ்சாவது மாசத்துல ஊர்ல இருக்கிற மொத்த மாட்டுக்கும் குத்தட்டும். கூடின உதடு பிரியாது. பிரிஞ்ச உதடு கூடாது. அந்த வேலை முடிஞ்சு மாசக்கணக்காச்சு."

ஓர்பா மனசுக்குள் கணக்குப் போட்டாள். அவள் பிறந்தது செப்டம்பர் கடைசி. ஒன்பது மாதம் பின்னால் போனால் ஜனவரித் தொடக்கம். ஆறாவது வாரம் பிப்ரவரி நடுவில் வருகிறது. அவள் அப்பா கன்றுக்கு மூக்கு குத்தி மூங்கில் ஊசியால் கயிறு கோத்தது மே மாதம், சோளம் அறுத்துப் பரணில் ஏற்றிய பிறகு. ஊருக்கே அது தெரியும், இருபத்தொன்பது வருடமாகச் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். 'வயித்துப்பிள்ளைக்காரி வீட்டில் இருக்க, இவன் மாட்டின் மூக்கைக் கிழித்தான், பிள்ளையின் உதடு கிழிந்தது' என்று. அந்தப் பேச்சு வந்த வருடமே அப்பா செமுவேல் போய்மாவு தன் ஏழு மாடுகளையும் கைவிட்டார். மாடு வளர்க்கிறதில் அந்தப் பக்கத்தில் அவரை விஞ்ச ஆள் இல்லை என்பார்கள். அதற்கப்புறம் ஒரு கயிற்றைக்கூட அவர் கையில் எடுத்ததில்லை.

பயிற்சி முடிய இன்னும் அரைநாள் இருந்தது. எழுந்து போகுமுன் ஓர்பா இன்னொன்றையும் கேட்டுக்கொண்டாள். "அப்ப எதனாலதான் வருது?"

"ஒரே காரணம்னு சொல்ல முடியாது. சில குடும்பத்துல வழிவழியா வரும். கரு தங்கின அந்த வாரங்கள்ல அம்மாவுக்குக் கீரை, பயறு, முட்டை எதுவும் இல்லாம வெறும் சோளமும் கிழங்குமா இருந்தா, ஃபோலிக் சத்தும் துத்தநாகச் சத்தும் குறைஞ்சுரும். அடுப்புப் புகை இருக்கு, புகையிலை இருக்கு, காய்ச்சலும் சில மருந்தும் இருக்கு. இதெல்லாம் சேர்ந்து இழுக்கும். ஒரு பிள்ளையைக் காட்டி இதனாலதான்னு நான் கைநீட்ட மாட்டேன். ஆனா எது இல்லைன்னு சொல்லுவேன்."

அது போதும் ஓர்பாவுக்கு. தேநீர் இடைவேளையில் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

அவள் புருஷன் மெல்கி, மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றுகிறவன். சந்தை முனையில் இன்னொருத்தரோடு வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றான்.

"வண்டியை எடு. பாத்துமெத்தான் போகணும்."

"உங்க அப்பா ஊருக்கா? என்ன ஆச்சு, யாருக்கு உடம்பு சரியில்ல?"

"எல்லாருக்கும் சரியாத்தான் இருக்கு. எடுன்னா எடு."

"சாயங்காலம் வரைக்கும் பயிற்சின்னியே?"

"எனக்கு வேண்டிய பயிற்சி முடிஞ்சிருச்சு."

போகிற வழியெல்லாம் அவன் காதில் அவள் கத்திக்கொண்டே வந்தாள். காற்றில் பாதிதான் விழுந்தது. மாவு, கன்னம், பிப்ரவரி என்று ஏதோ கேட்டது. நடுவில் ஒரு கடையில் நிறுத்தச் சொல்லிக் கோதுமை மாவு வாங்கினாள். ஆற்றில் முழங்கால் தண்ணீர். வண்டியை அவன் தள்ள, இவள் மாவுப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் கடந்துபோனாள். "வண்டியைப் பிடிச்சுத் தள்ள ஒரு கை குடேன்" என்று அவன் கூப்பிட்டதற்கு, "மாவு நனைஞ்சிரும்" என்று பதில் வந்தது.

செமுவேல் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தார். அறுபது தாண்டியவர், பேச்சு குறைவு. மகள் இந்நேரத்தில் ஓடிவருவதைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டு மண்வெட்டியைக் கீழே போட்டார். அம்மா யுப்லினா வட்டக் குடிலின் தாழ்ந்த வாசலிலிருந்து குனிந்து வெளியே வந்தாள். உள்ளேயிருந்து அவளோடு புகையும் வந்தது.

"அம்மா, தண்ணி கொண்டா. தட்டு கொண்டா. அப்பா, உக்காருங்க. அந்தக் கன்னுக்கு மூக்கு குத்தினது எப்ப?"

செமுவேலின் முகம் செத்துப்போயிற்று. இந்தக் கேள்வியை மகள் ஒருநாள் கேட்பாள் என்று அவர் எதிர்பார்த்தே இருந்தார். "சோளம் ஏத்தினப்புறம்," என்றார் தரையைப் பார்த்து.

"மே மாசமா?"

"ஆமா, மே மாசம்தான்," என்றாள் யுப்லினா. "நீ அப்ப உதைக்க ஆரம்பிச்சுட்ட. இத்தனை வருஷம் கழிச்சு இப்ப எதுக்கு அதைக் கிளறுற?"

ஓர்பா மாவைப் பிசைந்தாள். "நல்ல மாவைப் போட்டு இப்படிப் பாழாக்குறியே" என்று அம்மா முணுமுணுத்ததைக் காதில் வாங்கவில்லை. நெற்றி, கன்னம், தாடை என்று வைத்து நகர்த்திக் காட்டினாள். அவசரத்தில் முதல் தடவை எல்லாம் கலைந்துபோயிற்று. மறுபடி வைத்தாள். பிறகு கன்னத்து உருண்டையைத் தள்ளி நிறுத்திவிட்டு, "இது பிப்ரவரி," என்றாள். "நான் வயித்துல இருக்கேன்னே உங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. என் உதடு இங்கயே நின்னுருச்சு. அப்புறம் மார்ச். அப்புறம் ஏப்ரல். நீங்க கன்னைப் பிடிச்சுக் கட்டினப்ப நான் இந்த மூஞ்சியோடதான் இருந்தேன், அப்பா."

செமுவேல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்கி ஈரக் கால்சட்டையைப் பிழிவதை நிறுத்திவிட்டு நின்றான்.

"அப்ப நான் இல்லையா?" என்று கேட்டார் கிழவர்.

"நீங்க இல்ல."

"யாரு சொன்னது?"

"கூப்பாங் டாக்டரம்மா. நாப்பது பேருக்கு முன்னாடி."

அவர் எழுந்து வீட்டுக்குள் போனார். பின்னாலேயே போன யுப்லினா, அவர் பெட்டியைத் திறந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போடும் வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொள்வதைப் பார்த்தாள். வெளியே வந்து, "அந்தத் தட்டை எடு," என்றார் மகளிடம். "உன் மாமன் வீட்டுக்குப் போறோம்."

ஓர்பாவின் தாய்மாமன் எர்மியாஸ் செலான் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தார். கல்யாணம், சாவு எதுவானாலும் அந்தக் குடும்பத்தில் முதல் சொல் அவருடையதுதான். இருபத்தொன்பது வருடமாக விருந்துக்கு விருந்து செமுவேலின் காதுபடக் கன்றுக்குட்டிக் கதையைச் சொன்னவரும் அவர்தான். மூவரும் தட்டோடு ஓடையைத் தாண்டிப் போவதைப் பார்த்த அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் என்ன ஏதென்று பின்னால் சேர்ந்துகொண்டார்கள். மாமன் வெற்றிலைக் கூடையை நீட்டினார். செமுவேல் எடுக்கவில்லை. வெற்றிலையை மறுப்பது சாதாரணக் காரியமில்லை.

"முதல்ல பாருங்க. அப்புறம் போடலாம்," என்றார் செமுவேல்.

ஓர்பா மறுபடியும் முகத்தைக் கூட்டினாள். இந்தத் தடவை எதுவும் கலையவில்லை. எர்மியாஸ் கடைசிவரைக்கும் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "கன்னு இல்லைன்னா வேற என்ன?" என்றார்.

"அந்த வாரங்கள்ல அம்மா என்ன சாப்பிட்டாங்கங்கறதும் ஒண்ணா இருக்கலாம், மாமா."

யுப்லினா முன்னால் வந்தாள். "அந்த வருஷம் சோளம் கிறிஸ்துமஸோட தீர்ந்துபோச்சு. ஜனவரி, பிப்ரவரி முழுக்கப் பன்னிக்கு இடிக்கிற பனந்தண்டு மாவுதான். கீரை பறிக்கக்கூட மழை விடல. உங்கிட்ட வந்து ஒரு கூடை சோளம் கேட்டேன், அண்ணா. விதைச்சோளம், திங்கிறதுக்கு இல்லைன்னு சொன்ன."

எர்மியாஸின் முகத்தில் வந்த கலக்கத்தை ஓர்பா என்றும் மறக்கவில்லை. கூட்டத்தில் ஒருத்தி "அடடா" என்று உச்சுக்கொட்டினாள். இன்னும் ஒரு வார்த்தை விட்டால் போதும், கன்றுக்குட்டிக் கதை போய்ச் சோளக்கூடைக் கதை ஆகிவிடும். ஓர்பா தட்டைக் கீழே வைத்தாள்.

"இல்லம்மா. மாமா மேலயும் இல்ல. அந்த வருஷம் எல்லார் வீட்லயும் அதே மாவுதான். எல்லாப் பிள்ளைக்குமா உதடு பிளந்துச்சு? இதுக்கு ஒரு ஆளைத் தேடாதீங்க. அப்பா தலையிலருந்து இறக்கி மாமா தலையில வைக்கிறதுக்கா நான் ஆத்துல இறங்கி வந்தேன்?"

எர்மியாஸ் வெற்றிலைக் கூடையை மீண்டும் எடுத்தார். இந்தமுறை உட்கார்ந்தபடி நீட்டாமல், எழுந்து வந்து இரண்டு கையாலும் கொடுத்தார். "மச்சான், போட்டுக்கங்க," என்றார். அதற்குமுன் அவர் செமுவேலை மச்சான் என்று அழைத்து யாரும் கேட்டதில்லை. செமுவேல் ஒரு பாக்கை எடுத்து வாயில் போட்டார்.

திரும்பும்போது மெல்கியின் முதுகுக்குப் பின்னால் ஓர்பா சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அழுகிறாளோ என்று அவன் திரும்பிப் பார்த்தான். அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"என்ன எண்ணுற?"

"நாங்க மாத்திரை குடுக்கிறது நாலாவது மாசம். முகம் முடியிறது ரெண்டாவது மாசத்துக்குள்ள. இத்தனை வருஷமா வீடு கட்டி முடிச்சப்புறம் அஸ்திவாரத்துக்குக் கல்லு கொண்டுபோய்க் குடுத்துக்கிட்டிருக்கேன்."

அந்த எண்ணம் அவளைத் தூங்கவிடவில்லை. கரு தங்குவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். யார் எப்போது கருத்தரிப்பாள் என்று யாருக்குத் தெரியும்? மூன்றாம் நாள் காலையில் தெரிந்துவிட்டது. தன் ஊர்த் தேவாலயத்துக்கு நேரே போனாள். அங்கே கல்யாணத்துக்கு முன்னால் ஜோடிகள் எல்லோரும் போதகரம்மாவிடம் மூன்று மாதம் வகுப்புக்கு வந்தே ஆக வேண்டும்.

"அந்த வகுப்புல எனக்கு ஒரு மணி நேரம் குடுங்கம்மா," என்றாள் ஓர்பா.

"விசுவாசம், பொறுமை, மாமியார், இதுக்கே எனக்கு நேரம் பத்தல," என்றார் போதகரம்மா. "நீ எதைச் சொல்லித்தரப் போற?"

"கீரை."

போதகரம்மா சிரித்துவிட்டார். ஆனால் மாவுத் தட்டைப் பார்த்தபின் சிரிக்கவில்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை கொடுத்தார். சுகாதார நிலையத்துச் செவிலி ஃபோலிக் மாத்திரைக்கு ஒப்புக்கொண்டார்.

முதல் வகுப்பிலேயே சிக்கல் வந்தது. மாத்திரை டப்பாவைத் தொட ஒரு பெண்ணும் முன்வரவில்லை. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரையைக் கல்யாணமாகாதவள் வாங்கினால் ஊர் என்ன பேசும்? ஓர்பா கொஞ்சம் யோசித்தாள். டப்பாக்களை எடுத்து மாப்பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டாள்.

"தினம் ஒண்ணு. குடுக்க வேண்டியது உங்க பொறுப்பு. யாராவது கேட்டா, வகுப்புல குடுத்த வீட்டுப்பாடம்னு சொல்லுங்க."

பின்னால் உட்கார்ந்திருந்த நிக்சன் என்பவன், "அக்கா, அவ முழுங்க மறந்துட்டா நான் முழுங்கிரட்டுமா?" என்று கேட்டான். அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட வெல்மின்சே அவன் தலையில் தட்டினாள். அந்த நொடியிலிருந்து வகுப்பு களைகட்டிவிட்டது. அடுத்த சனிக்கிழமை மாப்பிள்ளைகளைச் சமைக்க வைத்தாள். இடித்த சோளத்தோடு சிவப்புப் பயறு, கைநிறைய முருங்கைக் கீரை, மேலே முட்டை. முருங்கையைக் காம்போடு பானையில் போட்டவனை எல்லோரும் ஒரு மாதம் கேலி செய்தார்கள். வட்டக் குடிலுக்குள் புகையில் சமைக்காமல் இருக்க, வெளியே கொட்டகை போட்டுத் தருவதாகவும் மாப்பிள்ளைகள் வாக்குக் கொடுத்தார்கள். யார் கொட்டகை முதலில் எழும்புகிறது என்பதில் போட்டியே வந்துவிட்டது. அதில் ஜெயித்தவன் நிக்சன்.

கல்யாணமாகிப் பதினோரு மாதம் கழித்து நிக்சனுக்கும் வெல்மின்சேவுக்கும் மகன் பிறந்தான். மேலுதடு பிளந்திருந்தது.

சேதி வந்தபோது ஓர்பா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள்கூட மாத்திரை தவறாதவள் வெல்மின்சே. 'குறைக்கும், ஆனா இல்லாமலே ஆக்கிரும்னு சத்தியம் பண்ண முடியாது' என்று, வகுப்பு தொடங்குமுன் மாத்திரையைப் பற்றிப் போனில் கேட்டபோது டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. வகுப்பில் அதைத் தானும் சொல்லியிருந்தாள்தான். சொல்வது வேறு, அந்த வீட்டு வாசலில் போய் நிற்பது வேறு. போய் என்ன சொல்வது என்று தெரியாமலே மெல்கியை வண்டி எடுக்கச் சொன்னாள். அன்றைக்கு விருந்துக்கு வந்திருந்த செமுவேலும் தானாக வந்து பின்னால் ஏறிக்கொண்டார். ஒரு வண்டியில் மூன்று பேர்.

அந்த வீட்டு முற்றத்தில் இரண்டு பக்கத்துச் சொந்தமும் கூடியிருந்தது. பேச்சு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. நிக்சன் கொட்டகைக்கு மூங்கில் பிளந்தானே, அப்போது அவள் வயிற்றோடு இருந்தாளா என்று யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். நிக்சன் தலைகுனிந்து நின்றான். ஓர்பா வாயைத் திறப்பதற்குள் செமுவேல் நடுவே வந்து நின்றார். கூட்டத்தில் பேசியே பழக்கமில்லாத மனிதர்.

"நான் பாத்துமெத்தான் செமுவேல். மாட்டு மூக்கைக் குத்திப் பிள்ளை உதட்டைக் கிழிச்சவன்னு என்னைச் சொல்லுவாங்க. நீங்களும் கேட்டிருப்பீங்க. இருபத்தொம்பது வருஷம் அதை நான் சுமந்தேன். பொய்னு தெரிஞ்சப்புறம்தான் எவ்வளவு கனம்னே தெரிஞ்சுது. இந்தப் பையன் தலையில அதை ஏத்தாதீங்க. மூங்கில் பிளந்ததால ஒண்ணும் ஆகல. அவன் அவளுக்குப் புகை படாம கொட்டகை போட்டான். வேற என்ன செய்யணும் ஒருத்தன்?"

கிழவர் குழந்தையை வாங்கிக்கொண்டார். "என் மக பதினேழு வருஷம் காத்திருந்தா. இவன் காத்திருக்க வேண்டாம். எடை ஏறணும், அவ்வளவுதான். ஓர்பா, பால் எப்படிக் குடுக்கிறதுன்னு சொல்லு."

ஓர்பா உட்கார்ந்தாள். தாய்ப்பாலைப் பீய்ச்சி, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, சின்னக் கரண்டியால் கொஞ்சங் கொஞ்சமாகக் கன்னத்து ஓரத்தில் விடக் கற்றுக்கொடுத்தாள். முதல் கரண்டி உதட்டுப் பிளவு வழியாக வெளியே வந்தது. இரண்டாவது பாதி வந்தது. மூன்றாவது உள்ளே போயிற்று. முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் அந்தத் தொண்டை அசைவதையே பார்த்தார்கள். அதற்கப்புறம் வாரா வாரம் எடை. நூற்றைம்பது கிராம், இருநூறு கிராம் என்று ஏற ஏற நிக்சன் வண்டிக்காரர்களிடம் சொல்லியனுப்ப, ஆற்றங்கரை வரைக்கும் எல்லோருக்கும் அந்தப் பிள்ளையின் எடை தெரிந்திருந்தது. நாலாவது மாதம் கூப்பாங்கில் தைத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று வெல்மின்சே போனில் பேசவேயில்லை, மகனை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பிடித்தாள். உதட்டைக் குவித்து அவன் ஊதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்த வாரம்தான் ஓர்பா தன் பெயருக்கு ஒரு மாத்திரை டப்பா எடுத்தாள். கல்யாணமாகி நாலு வருடம். தன்னைப் போல ஒன்று பிறந்துவிடுமோ என்ற பயத்தில் பிள்ளையே வேண்டாம் என்று இருந்தவள். மெல்கி அவளை ஒரு நாளும் வற்புறுத்தியதில்லை.

"பயம் போயிருச்சா?" என்று கேட்டான்.

"போகல. பிளந்து பிறந்தாலும் என்ன செய்யணும்னு தெரிஞ்சிருச்சு."

தன்னைப் போலப் பிளந்த உதட்டோடு பிறந்தவர்களுக்கு எவ்வளவு மாத்திரை என்று டாக்டரம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஐந்து மாதம் போட்டாள். மழைக்காலத்துக்கு முருங்கை இலையை நிழலில் உலர்த்தி டின்னில் அடைத்தாள். தீட்டு நின்ற தேதியிலிருந்து ஆறு, ஏழு, எட்டு என்று நாட்காட்டியில் வாரங்களைக் கோடு போட்டாள். அந்த வாரங்களில் அவளோடு பேசியவர்களுக்கெல்லாம் பதில் ஒரு நிமிடம் கழித்துத்தான் கிடைத்தது.

ஸ்கேன் எடுக்கச் சோஎவுக்குப் போன நாளில் செமுவேலும் யுப்லினாவும் எர்மியாஸ் மாமனும் ஒரு வாடகை வேனில் முன்னாலேயே போய் நடைபாதையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர்தான் உள்ளே வரலாம் என்றாள் செவிலி. எல்லோரும் நுழைந்துவிட்டார்கள். திரையில் புகை போல ஏதோ அசைந்தது. டாக்டர் கருவியை மெல்லத் திருப்பி, "இதோ மூக்கு. கீழ உதடு," என்றார்.

"முழுசா இருக்கா?" என்று கேட்டாள் ஓர்பா.

"முழுசா இருக்கு. பாருங்க, ஒரே கோடு."

எர்மியாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு, "எந்தப் பக்கம் தலை?" என்றார். யுப்லினா அவரை அதட்டினாள். அப்போது திரையிலிருந்த அந்தச் சின்ன வாய் அகலத் திறந்து, நிதானமாக ஒரு கொட்டாவி விட்டுவிட்டு மூடிக்கொண்டது. அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். செவிலி வந்து எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டியதாயிற்று.